மோலும் மோலார் மாஸும் மண்டையில ஏறணுமா? ஃபார்ம் 4 பசங்களுக்கு அடியில இருந்து முழு வழிகாட்டி

கோலாலம்பூர்ல இருக்குற அப்பாவுக்கு காலையில வெறும் வயித்துல சுகர் 7.0 காட்டுது, சென்னையில இருக்குற பெரியப்பாவுக்கு 126 காட்டுது. ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டா யாராவது ஒருத்தர் பயந்துடுவாங்க, ஆனா ரெண்டும் ஒரே அளவுதான். நம்ம ஊரு மெஷின் ரத்தத்துல இருக்குற குளுக்கோஸை மில்லிமோல் கணக்குல சொல்லுது, அந்த ஊரு மெஷின் மில்லிகிராம் கணக்குல சொல்லுது, நடுவுல நின்னு ரெண்டையும் சேர்த்து வைக்கிறது குளுக்கோஸோட மோலார் மாஸ். அது எப்படின்னு கீழ கணக்கு போட்டே காட்டுறேன், அதுக்கு முன்னாடி அடிப்படை சரியா உட்காரணும்.

மலேசியாவுல 16 வயசு பசங்க படிக்கிற ஃபார்ம் 4 கெமிஸ்ட்ரியில மோல் பத்தின மூணாவது சாப்டர் வந்த உடனே நல்லா படிக்கிற பசங்ககூட அப்படியே நின்னுடுறாங்க. கணக்கு கஷ்டம்னு சொல்லவே முடியாது, பெருக்கலும் வகுத்தலும்தான், கால்குலேட்டரும் கையில இருக்கு. மோல்னா என்னன்னு மனசுல ஒரு உருவம் வராமலேயே எடை, மோல், மோலார் மாஸ் மூணையும் ஒரு முக்கோணத்துல போட்ட அந்த ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணிடுறாங்க, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டா எதை எதால வகுக்கிறதுன்னு தெரியல. அதனால முக்கோணத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைங்க. நான் சொல்ல வர்றது ஒன்னே ஒன்னுதான்: ரசாயன வினை எடை பார்த்து நடக்கிறதில்ல, எண்ணிக்கை பார்த்து நடக்குது, மோல்ங்கிறது அந்த எண்ணிக்கை. இது பிடிபட்டா மீதி எல்லாம் தானா வந்து சேரும்.

மோல் ஒரு எண்ணிக்கை

1 மோல்னா 6.02214076 × 10²³ துகள். அணுவா இருக்கலாம், மூலக்கூறா இருக்கலாம், அயனா இருக்கலாம், எலக்ட்ரானா இருக்கலாம், எதுவா இருந்தாலும் அத்தனை இருந்தா 1 மோல். இதுக்குப் பேரு அவகாட்ரோ நம்பர். ஸ்கூல்ல 6.02 × 10²³ போட்டா போதும்.

இது எவ்வளவு பெருசுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மலேசியாவுல சுமார் 3 கோடியே 40 லட்சம் பேரு இருக்கோம். எல்லாரும் ஒன்னா உட்கார்ந்து ஒரு செகண்டுக்கு ஒரு அணுன்னு தூங்காம எண்ணிக்கிட்டே இருந்தா 1 மோல் அணுவை எண்ணி முடிக்க ஏறக்குறைய 56 கோடி வருஷம் ஆகும். பத்துமலை சுண்ணாம்புக்கல்லோட வயசே சுமார் 40 கோடி வருஷம்னுதான் சொல்றாங்க. அந்த 1 மோல் அணு கார்பனா இருந்தா எடை வெறும் 12 கிராம், உள்ளங்கையில அடங்கிடும். அணு எவ்வளவு சின்னதுன்னு இதை வச்சே தெரிஞ்சுக்கலாம்.

அவகாட்ரோ இத்தாலிக்காரர், டூரின்ல பொறந்தவர். ஒரே வெப்பத்துலயும் ஒரே அழுத்தத்துலயும் சம அளவு வாயு எதை எடுத்தாலும் அதுல மூலக்கூறு எண்ணிக்கை சமமா இருக்கும்னு 1811-ல சொன்னார், ஆனா இந்த நம்பர் எவ்வளவுன்னு அவருக்குத் தெரியாது. 1856-ல அவர் இறந்த பிறகு, 1865-ல ஆஸ்திரிய விஞ்ஞானி லோஷ்மிட் மூலக்கூறோட சைஸை முதல் தடவையா ஓரளவுக்குக் கணக்கு போட்டார், 1909-ல பிரெஞ்சு விஞ்ஞானி ஜீன் பெரின்தான் இந்த நம்பருக்கு அவகாட்ரோ பேரை வச்சார். முன்னாடி எல்லாம் 12 கிராம் கார்பன்-12-ல எத்தனை அணு இருக்கோ அத்தனைதான் 1 மோல்னு வரையறை வச்சிருந்தாங்க. 2019 மே 20-ல இருந்து அதை மாத்தி நம்பரையே நேரடியா நிலையா வச்சுட்டாங்க. அதுக்காக சிலிக்கான்-28-ல ஒரு கிலோ எடைக்கு ஒரு உருண்டை செஞ்சாங்க, குறுக்களவு சுமார் 94 மில்லிமீட்டர், படிகத்துக்குள்ள அணுவுக்கும் அணுவுக்கும் எவ்வளவு இடைவெளின்னு எக்ஸ்ரே வச்சு அளந்து அந்த உருண்டைக்குள்ள மொத்தம் எத்தனை அணு இருக்குன்னு கணக்கு எடுத்தாங்க. பழைய டியூஷன் நோட்ல பழைய வரையறை இருந்தா பதறாதீங்க, ஸ்கூல் கணக்குல ரெண்டுக்கும் ஒரே விடைதான் வரும்.

எண்ண முடியாததை எடை போட்டு எண்ணுறது

அணுவை ஒன்னொன்னா எண்ண முடியாது, சரி, அப்புறம் 1 மோல் எடுத்துட்டு வான்னா எப்படி எடுக்கிறது? எடை போட்டுத்தான்.

ஒரு பை நிறைய 20 சென் காசு இருக்குன்னு வைங்க. ஒரு காசு சுமார் 4.2 கிராம். பையை தராசுல வச்சா 420 கிராம் காட்டுது, அப்ப உள்ள 100 காசு இருக்கு, பையைத் திறக்கவே வேணாம். இன்னொரு பையில 50 சென் காசு, ஒன்னு சுமார் 5.7 கிராம், அதுலயும் 100 காசு வேணும்னா 570 கிராம் எடுக்கணும். எடை வேற வேற, எண்ணிக்கை ஒன்னு. யாராவது ரெண்டு பையிலயும் 420 கிராம் போட்டுட்டு ரெண்டும் சமம்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? மாட்டீங்க இல்ல. ஆனா கெமிஸ்ட்ரி கணக்குல கிராமை கிராமோட நேரா ஒப்பிடுற பசங்க இதைத்தான் செய்யுறாங்க.

அணுவுக்கும் இதே கதைதான். ஒரு கார்பன் அணுவுக்கும் ஒரு ஆக்சிஜன் அணுவுக்கும் எடை விகிதம் 12-க்கு 16. அதனால 12 கிராம் கார்பன்ல எத்தனை அணு இருக்கோ அத்தனை அணு 16 கிராம் ஆக்சிஜன்லயும் இருக்கும். அந்த எண்ணிக்கைதான் 1 மோல். நம்பிக்கை இல்லன்னா போட்டுப் பாருங்க, ஒரு கார்பன்-12 அணுவோட எடை சுமார் 1.99 × 10⁻²³ கிராம், அதை 6.02 × 10²³-ஆல பெருக்குனா 12 கிராம் வரும்.

ஆக பீரியாடிக் டேபிள்ல ஒரு தனிமத்துக்குக் கீழ இருக்குற அணு நிறை நம்பர் இருக்கு பாருங்க, அதையே கிராம்ல எடுத்தா 1 மோல். சோடியம் 23, அப்ப 23 கிராம் சோடியம் 1 மோல். இரும்பு 56, அப்ப 56 கிராம் இரும்பு 1 மோல். 1 மோலோட இந்த எடைக்குத்தான் மோலார் மாஸ்னு பேரு, யூனிட் கிராம்/மோல். மலாய் புத்தகத்துல ஜிசிம் மோலார்னு இருக்கும். குளோரினுக்கு மட்டும் ஏன் 35.5-ன்னு கேப்பீங்க, இயற்கையில கிடைக்கிற குளோரின்ல 35 எடை உள்ளதும் 37 எடை உள்ளதும் கிட்டத்தட்ட மூணுக்கு ஒன்னுன்னு கலந்து இருக்கு, அதோட சராசரிதான் 35.5.

மோலார் மாஸ் கணக்கு போடுற விதம்

ஃபார்முலாவைப் பாருங்க, எந்த அணு எத்தனை இருக்குன்னு எண்ணுங்க, அதோட அணு நிறையால பெருக்குங்க, எல்லாத்தையும் கூட்டுங்க. தண்ணின்னா ரெண்டு ஹைட்ரஜன் ஒரு ஆக்சிஜன், 2 + 16 = 18. உப்புன்னா ஒரு சோடியம் ஒரு குளோரின், 23 + 35.5 = 58.5. சீனிக்கு 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், அதாவது 144 + 22 + 176 = 342. அடுப்பங்கரையில 1 மோல் உப்பையும் 1 மோல் சீனியையும் எடை போட்டு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, சீனியோட எடை உப்போட எடையை மாதிரி ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவா இருக்கும், ஆனா ஃபார்முலா கணக்குல பார்த்தா ரெண்டுலயும் எண்ணிக்கை ஒன்னுதான்.

தடுக்குற இடம் பிராக்கெட். வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு, அதுல ஒரு கால்சியமும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி ரெண்டும் இருக்கு. பிராக்கெட்டுக்கு வெளிய இருக்குற 2 உள்ள இருக்குற எல்லாத்துக்கும் சேரும், அதனால 40 + 2 × (16 + 1) = 74. ஹைட்ரஜனை மட்டும் ரெண்டால பெருக்கி 58-ன்னு எழுதுற பசங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க. அம்மோனியம் சல்பேட்டுக்கும் அதேதான், 2 × (14 + 4) + 32 + 64 = 132.

இன்னொரு இடம் நீலக் கலர் காப்பர் சல்பேட். ஃபார்முலாவுல ஒரு புள்ளி வச்சு அஞ்சு தண்ணி எழுதியிருக்கும். அந்தப் புள்ளி பெருக்கல் குறி கிடையாது, கூட அஞ்சு தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். 64 + 32 + 64 = 160, அதோட 5 × 18 = 90, மொத்தம் 250.

தோட்டத்துல வேலை செஞ்ச குடும்பங்களுக்கு யூரியா மூட்டை நல்லா தெரியும், மூட்டை மேல 46-ன்னு பெருசா போட்டிருக்கும். அது எங்க இருந்து வந்துச்சு? யூரியாவுல ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், ரெண்டு நைட்ரஜன், நாலு ஹைட்ரஜன். 12 + 16 + 28 + 4 = 60. அதுல நைட்ரஜன் மட்டும் 28. 28-ஐ 60-ஆல வகுத்து நூறால பெருக்குனா 46.7. மூட்டையில இருக்குற உரம் நூத்துக்கு நூறு சுத்தமா இருக்காது, அதனால 46. இதையே அம்மோனியம் சல்பேட்டுக்குப் போட்டா 28-ஐ 132-ஆல வகுக்கணும், 21 சதவீதம்தான் வரும். அதே அளவு நைட்ரஜன் மரத்துக்குப் போய்ச் சேரணும்னா அம்மோனியம் சல்பேட் மூட்டை ரெண்டு மடங்குக்கு மேல சுமக்கணும்.

கிராம்ல இருந்து மோல், மோல்ல இருந்து துகள்

ரெண்டே வழிதான். கிராமை மோலார் மாஸால வகுத்தா மோல். மோலை 6.02 × 10²³-ஆல பெருக்குனா துகள் எண்ணிக்கை. திரும்பி வரணும்னா இதையே தலைகீழா போடுங்க. கிராம்ல இருந்து நேரா துகளுக்குத் தாவாதீங்க, நடுவுல மோல்ல இறங்கித்தான் போகணும், குறுக்கு வழி எதுவும் இதுல கிடையாது.

அரை லிட்டர் தண்ணி பாட்டில் ஒன்னை எடுங்க. 500 கிராம். 500 ÷ 18 = 27.8 மோல். அதை அவகாட்ரோ நம்பரால பெருக்குனா 1.67 × 10²⁵ மூலக்கூறு.

யூனிட்டை விடாம கூடவே எழுதுங்க, இதை நான் கெஞ்சியே கேக்குறேன். கிராமை கிராம்/மோலால வகுத்தா கிராமும் கிராமும் அடிபட்டு மோல் மட்டும் மிஞ்சும். தப்பா பெருக்கியிருந்தா கிராம் ஸ்கொயர்னு அசிங்கமா வந்து நிக்கும், அங்கேயே தெரிஞ்சுடும். முக்கோணத்தை மறந்தாலும் யூனிட் வழி காட்டும். இன்னொரு செக் என்னன்னா, கையில பிடிக்கிற அளவு பொருளுக்கு மோல் 0.01-ல இருந்து சில பத்து வரைக்கும்தான் பொதுவா வரும், துகள் எண்ணிக்கை 10²¹, 10²³, 10²⁵ அந்தப் பக்கம் இருக்கும். அஞ்சு கிராம் உப்புக்கு 1.4 × 10⁻²⁵ துகள்னு வந்துச்சுன்னா, ஒரு துகள்கூட இல்லன்னு அர்த்தம் ஆகுது, எங்கேயோ பெருக்க வேண்டிய இடத்துல வகுத்திருக்கீங்க.

எந்தத் துகளைக் கேக்குறாங்க?

மார்க் போற இடம் பெரும்பாலும் இதுதான். டியூஷன்ல ஒரு பொண்ணு கேட்டா, "டீச்சர், 16 கிராம் ஆக்சிஜன் 1 மோலா, அரை மோலா?" ரொம்ப நல்ல கேள்வி, ஏன்னா எதை எண்ணுறோம்னு சொல்லாம அதுக்கு விடை கிடையாது. ஆக்சிஜன் வாயுவுல அணு ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்துதான் இருக்கும், அதனால ஒரு மூலக்கூறு 32. 16 கிராம்னா மூலக்கூறு 0.5 மோல், அணு 1 மோல். ரெண்டும் சரி. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளோரின், குளோரின், புரோமின், அயோடின் இந்த ஏழும் இப்படி ஜோடியாத்தான் இருக்கும், இதுல ஒன்னைக் கேள்வியில மூலக்கூறா பார்த்த உடனே அணு நிறையை ரெண்டால பெருக்கிட்டீங்களான்னு பாருங்க.

அயன் உள்ள பொருளுக்கு இன்னும் கவனம் வேணும். கால்சியம் குளோரைடு மோலார் மாஸ் 40 + 71 = 111. 11.1 கிராம் எடுத்தா 0.1 மோல். ஆனா குளோரைடு அயன் எத்தனைன்னு கேட்டா ஒன்னுக்கு ரெண்டு, 0.2 மோல், அதாவது 1.2 × 10²³ அயன். கேள்வியில அணுவா, மூலக்கூறா, அயனான்னு போட்டிருக்குற அந்த ஒரு வார்த்தைக்குக் கீழ பென்சில்ல கோடு போட்டுட்டு அப்புறமா கணக்கு ஆரம்பிங்க.

சுகர் ரிப்போர்ட்டை இப்ப பிரிச்சுப் பாக்கலாம்

குளுக்கோஸ்ல 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். 72 + 12 + 96 = 180 கிராம்/மோல். நம்ம ரிப்போர்ட்ல 7.0-ன்னா ஒரு லிட்டருக்கு 7 மில்லிமோல். 1 மில்லிமோல் குளுக்கோஸ் 180 மில்லிகிராம், அப்ப 7 மில்லிமோல் 1260 மில்லிகிராம், இது ஒரு லிட்டருக்கு. இந்தியாவுல டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டர்ல பத்துல ஒரு பங்குக்குச் சொல்றாங்க, அதனால பத்தால வகுத்தா 126. அவ்வளவுதான் லா. நம்ம நம்பரை 18-ஆல பெருக்குனா அந்த ஊரு நம்பர், அந்த ஊரு நம்பரை 18-ஆல வகுத்தா நம்ம நம்பர். அந்த 18 குளுக்கோஸோட 180-ஐ பத்தால வகுத்தது, தண்ணியோட 18-க்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

இதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். அதே ரிப்போர்ட்ல கீழ கொலஸ்ட்ரால் 5.2-ன்னு இருக்கும், அதையும் 18-ஆல பெருக்கிடாதீங்க. கொலஸ்ட்ரால்ல 27 கார்பன், 46 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், 324 + 46 + 16 = 386. அதனால பெருக்க வேண்டியது 38.6-ஆல, 5.2-க்கு ஏறக்குறைய 200 வரும். ஒவ்வொரு பொருளுக்கும் மோலார் மாஸ் வேற, அதனால மாத்துற நம்பரும் வேற. வீட்டுல யாராவது தமிழ்நாட்டு டாக்டர்கிட்ட காட்டுன பழைய ரிப்போர்ட் வச்சிருந்தா எடுத்து நீங்களே மாத்திப் பாருங்க, பத்து கணக்கு செஞ்சதுக்குச் சமம்.

வாயுன்னா லிட்டர்ல

வாயுவை எடை போடுறதைவிட இடத்தை அளக்குறது சுலபம். ரூம் வெப்பத்துல 1 மோல் வாயு, எந்த வாயுவா இருந்தாலும், சுமார் 24 லிட்டர் இடம் பிடிக்கும். 0 டிகிரி, 1 அட்மாஸ்ஃபியர்னா 22.4 லிட்டர். கேள்வித்தாள்ல டெசிமீட்டர் கியூப்னு இருக்கும், அது லிட்டரேதான், எந்த நம்பரை போடணும்னு கேள்விக்குக் கீழயே குடுத்திருப்பாங்க. 2 கிராம் ஹைட்ரஜனும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் ஒரே 24 லிட்டர்தான் பிடிக்கும், ஏன்னா வாயுவுல மூலக்கூறு ஒன்னுக்கொன்னு அவ்வளவு தள்ளி இருக்கு, மூலக்கூறோட சைஸ் கணக்குலயே வராது. 1811-ல அவகாட்ரோ சொன்னது இதைத்தான்.

வீட்டுல இருக்குற 14 கிலோ காஸ் தோங்கை எடுத்துக்கங்க. உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து இருக்கும், கணக்குக்கு எல்லாமே பியூட்டேன்னு வச்சுக்குவோம், மோலார் மாஸ் 48 + 10 = 58. 14000 ÷ 58 = 241 மோல். 24-ஆல பெருக்குனா ஏறக்குறைய 5,800 லிட்டர் வாயு, அதை அழுத்தி திரவமாக்கி அடுப்புக்கு அடியில வச்சிருக்கோம்.

ஒரு எச்சரிக்கை. இந்த 24-ஐ திரவத்துக்கும் திடப்பொருளுக்கும் போடவே கூடாது. 1 மோல் தண்ணி 18 மில்லிலிட்டர்தான், மூணு நாலு தேக்கரண்டி.

கரைசல்

இது சீக்கிரம் முடிஞ்சிடும். ஒரு லிட்டர் கரைசல்ல எத்தனை மோல் கரைஞ்சிருக்கோ அதுதான் மொலாரிட்டி. ஆஸ்பத்திரியில ஏத்துற உப்புத் தண்ணி பையில ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. 9 ÷ 58.5 = 0.154 மோல். பையில பொடி எழுத்துல 154 மில்லிமோல்னு போட்டிருக்கும், அது இதுதான். மில்லிலிட்டர்ல குடுத்தா ஆயிரத்தால வகுத்து லிட்டராக்கிட்டு அப்புறம் மொலாரிட்டியால பெருக்குங்க, மோல் வரும், இதை மறந்தா விடை ஆயிரம் மடங்கு தப்பாப் போகும்.

சமன்பாடு: மோலுக்குள்ள போ, விகிதம் பாரு, வெளிய வா

இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் இந்த இடத்துக்காகத்தான். சமன்பாட்டுல முன்னாடி போட்டிருக்குற 1, 2, 3 எல்லாம் எண்ணிக்கை விகிதம், கிராம் விகிதம் கிடையாது. அதனால குடுத்தது கிராமோ லிட்டரோ எதுவா இருந்தாலும் முதல்ல மோலாக்கு, சமன்பாட்டு விகிதத்தை மோல்லயே போடு, கடைசியா கேட்ட யூனிட்டுக்கு மாத்து.

பத்துமலை சுண்ணாம்புக்கல்லு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், 40 + 12 + 48 = 100, கணக்குக்கு இதைவிட வசதியான நம்பர் கிடைக்காது. லேப்ல மார்பிள் சிப்ஸ்னு குடுக்கிறதும் அதே பொருள்தான். அதுல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்துனா இப்படி நடக்கும்:

1 கால்சியம் கார்பனேட் + 2 ஹைட்ரோகுளோரிக் ஆசிட் → 1 கால்சியம் குளோரைடு + 1 தண்ணி + 1 கார்பன் டை ஆக்சைடு

25 கிராம் கல்லு எடுக்கிறோம், ஆசிட் தாராளமா இருக்கு. 25 ÷ 100 = 0.25 மோல். கல்லுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஒன்னுக்கு ஒன்னு, அதனால 0.25 மோல் வாயு. ரூம்ல 0.25 × 24 = 6 லிட்டர். எடையில கேட்டா 0.25 × 44 = 11 கிராம். முடிஞ்சது.

இப்ப ஆசிட் கொஞ்சமாத்தான் இருக்குன்னு வைங்க, 2 மொலார் ஆசிட் 100 மில்லிலிட்டர். ஆசிட் 0.1 × 2 = 0.2 மோல். ஒரு கல்லுக்கு ரெண்டு ஆசிட் வேணும், அப்ப 0.2 மோல் ஆசிட்டால 0.1 மோல் கல்லைத்தான் கரைக்க முடியும். 10 கிராம் கரையும், 15 கிராம் பீக்கருக்கு அடியில அப்படியே கிடக்கும், வாயு 2.4 லிட்டரோட நின்னுடும். எது முதல்ல தீருதோ அதுதான் விடையை முடிவு பண்ணும். ரெண்டு பொருளுக்கும் அளவு குடுத்திருந்தா இந்தக் கேள்வியைத்தான் மறைச்சு வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுக்கங்க.

இந்த ஊரே ஒரு மோல் கணக்குல இருந்துதான் வளர்ந்துச்சு. 1857-ல அம்பாங் பக்கம் வெள்ளீயம் தோண்ட ஆளுங்க வந்த பிறகுதான் கோலாலம்பூர் உருவாச்சு. மண்ணுல கிடைச்சது உலோகமா இல்ல, வெள்ளீயத்தோட ஆக்சைடு, ஒரு வெள்ளீயத்துக்கு ரெண்டு ஆக்சிஜன், 119 + 32 = 151. அதை கரியோட சேர்த்து உருக்குனா ஒரு ஆக்சைடுக்கு ரெண்டு கார்பன் செலவாகி வெள்ளீயம் தனியா வரும், கார்பன் மோனாக்சைடு வெளிய போகும். சுத்தமான தாது 1 கிலோ எடுத்தா 1000 ÷ 151 = 6.62 மோல். வெள்ளீயம் 6.62 × 119 = 788 கிராம். கரி 6.62 × 2 × 12 = 159 கிராம். ஒரு டன்னுக்கு எவ்வளவு கரி வாங்கணும், எவ்வளவு உலோகம் திரும்ப வரணும்னு உலைக்காரனுக்கு இந்தக் கணக்கே சொல்லிடும்.

மங்னீசியம் எரிக்கிற சோதனை

புத்தகத்துல படிச்சா சப்புன்னு இருக்கும், லேப்ல நேர்ல பார்த்தா மோல் கண்ணு முன்னாடி வரும். மங்னீசியம் ரிப்பன் மேல மங்கலா ஒரு படலம் இருக்கும், அதை மணல்தாள்ல தேய்ச்சு பளபளன்னு ஆக்கணும், இல்லன்னா ஏற்கனவே ஆக்சைடு ஆனதையும் சேர்த்து எடை போட்டுடுவீங்க. சுருட்டி குருசிபிள்ல போட்டு மூடி போட்டு சூடு பண்ணணும். அப்பப்ப இடுக்கியால மூடியைக் கொஞ்சமா தூக்கி உடனே மூடணும். தூக்கலன்னா ஆக்சிஜன் உள்ள போகாது, ரொம்ப நேரம் தூக்கி வச்சா வெள்ளைப் புகை வெளிய போயிடும், அந்தப் புகைதான் நமக்கு வேண்டிய மங்னீசியம் ஆக்சைடு. ஆறவிட்டு எடை போட்டு, மறுபடி சூடாக்கி, எடை மாறாம நிக்கிற வரைக்கும் செய்யணும்.

மாதிரிக்கு இப்படி வச்சுக்கங்க. குருசிபிளும் மூடியும் 25.35 கிராம், மங்னீசியத்தோட 26.55, கடைசியில 27.35. மங்னீசியம் 1.20, சேர்ந்த ஆக்சிஜன் 0.80. கிராமை மட்டும் பார்த்தா மூணுக்கு ரெண்டுன்னு தோணும், அதை அப்படியே எழுதினா ஃபார்முலா தப்பு. மோலாக்குங்க, 1.20 ÷ 24 = 0.05, 0.80 ÷ 16 = 0.05. ஒன்னுக்கு ஒன்னு. கிராம் மறைச்சு வச்சதை மோல் காட்டிக் குடுத்துடுச்சு. புகை வெளிய போயிருந்தா ஆக்சிஜன் குறைவா காட்டும், விகிதம் ஒன்னுக்கு ஒன்னா வராது, லேப் ரிப்போர்ட்ல அதைக் காரணமா எழுதுங்க.

நீங்க போட்டுப் பாக்க

36 கிராம் தண்ணியில எத்தனை ஹைட்ரஜன் அணு? 2 மோல் தண்ணி, 4 மோல் ஹைட்ரஜன் அணு, 2.41 × 10²⁴.

5.85 கிராம் உப்பைக் கரைச்சு 250 மில்லிலிட்டர் கரைசல் ஆக்கினா மொலாரிட்டி என்ன? 0.1 மோலை 0.25 லிட்டரால வகுத்தா 0.4.

6.4 கிராம் காப்பரோட 0.8 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தா ஃபார்முலா என்ன? 0.1-க்கு 0.05, ரெண்டு காப்பருக்கு ஒரு ஆக்சிஜன்.

கடைசியா கேக் பண்ண வாங்குற சோடியம் பைகார்பனேட், மோலார் மாஸ் 23 + 1 + 12 + 48 = 84. அதை சூடாக்குனா ரெண்டு சேர்ந்து ஒரு சோடியம் கார்பனேட், ஒரு தண்ணி, ஒரு கார்பன் டை ஆக்சைடா மாறும். 4.2 கிராம் சூடாக்கி, வந்த வாயுவை ரூம் வெப்பத்துல அளந்தா எத்தனை மில்லிலிட்டர்? 4.2 ÷ 84 = 0.05 மோல். 1200-ன்னு எழுதப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க, ரெண்டுக்கு ஒன்னுதான் வாயு வருது, அப்ப 0.025 மோல், 24-ஆல பெருக்குனா 0.6 லிட்டர், 600 மில்லிலிட்டர்.